ஜூன் மாத நிழல் தெற்கே விழும்

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு,



பள்ளி திறந்து, பாடப்புத்தகமும் சீருடையும் கொடுத்து, புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அழுகையை ஓயவைத்து நிமிர்வதற்குள் ஜூன் 21 வந்துவிடும். ஆண்டிலேயே நீண்ட பகல் அன்றைக்குத்தான். அன்று உச்சிப் பொழுதில் பிள்ளைகளைப் பத்து நிமிடம் வெளியே கூட்டிப்போய், தரையில் நட்ட குச்சியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த மடலின் கோரிக்கை அவ்வளவுதான். ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் ஓர் ஆண்டுப் பாடம் இருக்கிறது. அதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நம் ஊர் வானத்தைக் காட்டியே நடத்த முடியும்.

"கோடையில் பகல் நீளம், குளிர்காலத்தில் பகல் குறைவு" என்ற வாக்கியத்தை நாம் எல்லோருமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளும் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்கிறார்கள். வாக்கியம் சரிதான். ஆனால் அது எந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் ஜூன் மாதத்து நீண்ட பகல் ஏறத்தாழ 16 மணி 40 நிமிடம். டிசம்பரில் அது 7 மணி 50 நிமிடமாகச் சுருங்கிவிடும். அங்கே ஒரு குழந்தை கோடையில் வெளிச்சத்திலேயே தூங்கப் போகிறது, குளிர்காலத்தில் இருட்டிய பிறகு பள்ளியிலிருந்து வீடு திரும்புகிறது. அந்தக் குழந்தைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. டெல்லியில்கூட இரண்டுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. சென்னையிலோ நீண்ட பகல் 12 மணி 54 நிமிடம், குறுகிய பகல் 11 மணி 21 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம், அதுவும் ஆறு மாதத்தில் பரவிக் கிடக்கிறது. சராசரியாக ஒரு நாளுக்கு அரை நிமிடம். கன்னியாகுமரியில் மொத்த வித்தியாசமே ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

அரை நிமிடத்தை எந்த ஏழு வயதுப் பிள்ளையும் உணர முடியாது. உணராத ஒன்றை நாம் சொல்கிறோம், பிள்ளை தலையாட்டுகிறது. காணொளியில் வரும் பனிமனிதனும் கம்பளிக் குல்லாயும்தான் அதற்குக் குளிர்காலம் என்று பதிகிறது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நம் பிள்ளை தன் வாசலில் நடப்பதை நம்பாமல், படத்தில் இருப்பதை நம்பக் கற்றுக்கொள்கிறது. அறிவியலுக்கு இதைவிடத் தவறான தொடக்கம் வேறில்லை.

நம் ஊரில் பகலின் நீளம் கொஞ்சமாக மாறுகிறது. சூரியனின் இடமோ பெரிதாக மாறுகிறது. பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் உதிக்கும் இடம். மெரினாவில் காலை நடை போகிறவர்களைக் கேளுங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் துறைமுகப் பக்கமாக ஒதுங்கிக் கடலிலிருந்து எழும். டிசம்பரில் அடையாற்றுப் பக்கமாகத் தள்ளி எழும். கன்னியாகுமரிக்குச் சுற்றுலாப் போகிறவர்களுக்கும் இது தெரியும்: குளிர்கால மாதங்களில் கடலுக்குள் இறங்கும் மாலைச் சூரியன், கோடை மாதங்களில் வடக்கே நகர்ந்து கரைப் பக்கம் போய்விடும். சென்னையின் கணக்கில், நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை, தெற்கே 24 பாகை என்று உதயம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறது. கையை முன்னால் நீட்டி, விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுமார் 20 பாகை. அதாவது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டரைச் சாண் தூரம். குழந்தையின் சாண் சிறியது, கையும் குட்டையானது. அதனால் அளவு ஒன்றாகவே வரும்.

இதைப் பார்க்கக் கடற்கரை வேண்டாம். பள்ளி வாசலிலிருந்து கிழக்கே பார்த்தால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, நாலைந்து தென்னை, கோவில் கோபுரம், செல்போன் டவர் என்று ஏதாவது தெரியும். ஒரு நீளமான சார்ட்டில் அவற்றைப் பிள்ளைகளே வரையட்டும். படம் கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மாதத்துக்கு ஒரு நாள், பிரார்த்தனைக் கூட்டம் தொடங்கும் அதே நேரத்தில் சூரியன் எந்தப் பொருளுக்கு மேலே நிற்கிறது என்று அந்தப் படத்தில் மஞ்சள் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சூரியன் தொடுவானத்தை விட்டு மேலே ஏறியிருக்கும் என்பதால் அது உதித்த இடம் ஆகாது. ஆனாலும் இடப்பெயர்ச்சி தெளிவாகவே தெரியும். விடியற்காலையில் மாடு கறக்கவோ பூப்பறிக்கவோ எழும் வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், உதிக்கும் இடத்தைப் பார்த்து வந்து சொல்லும் பொறுப்பை அதனிடம் கொடுங்கள். அதுவரை வாய் திறக்காத பிள்ளை அந்தச் செய்தியோடு வகுப்புக்குள் நுழையும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. காலையில் பார்த்தாலும் கண் கூசினால் உடனே திரும்பிவிட வேண்டும். நண்பகலில் பார்க்கவே கூடாது. நண்பகல் வேலை முழுவதும் சூரியனுக்கு முதுகு காட்டி, தரையைப் பார்த்துச் செய்யும் வேலை.

"சூரியன் கிழக்கே உதிக்கும்" என்று ஒன்றாம் வகுப்பில் சொல்கிறோம். தொடர்ந்து சொல்லுங்கள். ஆனால் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 20, 21-ஐயும் செப்டம்பர் 22, 23-ஐயும் ஒட்டிய நாட்களில் மட்டும்தான் என்பது உங்கள் மனதில் இருக்கட்டும். சார்ட்டில் பொட்டுகள் நகர்வதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை "டீச்சர், அப்போ கிழக்கு எது?" என்று கேட்கும். கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விடை அடுத்த வேலையில், குச்சி நிழலில் இருக்கிறது.

குச்சி வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்கிறவர்கள் நடுவில் விட்டுவிடுவது இங்கேதான்.

ஒரு மீட்டர் உயரக் குச்சி போதும். மண் தரையில் நட்டால் மழையில் சாய்ந்துவிடும், பந்து பட்டு விழும். பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்டோ ஈரமண்ணோ கெட்டித்து, குச்சியை அதில் நிறுத்திவிடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நேராக நிற்கிறதா என்று பிள்ளைகளே சரிபார்க்கட்டும். டப்பா எப்போதும் அதே இடத்தில் உட்கார வேண்டும். அதற்காகத் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடுங்கள். சிமெண்ட் தரையாக இருந்தால் நிழல் நுனியில் முதலில் சாக்பீஸ் புள்ளி, பிறகு அதன்மேல் எனாமல் பெயிண்ட் பொட்டு, பக்கத்தில் மாதத்தின் பெயர். தரையில் பெயிண்ட் பூசத் தயக்கம் இருந்தால் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தை விரித்து அதில் குறியுங்கள். ஒரே திசையில் விரிக்க மட்டும் மறக்காதீர்கள்.

எந்த நேரத்தில் குறிப்பது? கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது அல்ல. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம், அது கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உச்சி சற்றுத் தாமதமாக வருகிறது. ஜூன் 21 அன்று சென்னையில் சுமார் 12.11 மணிக்கு, கோயம்புத்தூரில் சுமார் 12.24 மணிக்கு. நிமிடத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். 11.45 முதல் 12.45 வரை கால் மணிக்கு ஒருமுறை நுனியைக் குறித்து, எது மிகக் குறுகிய நிழலோ அதை அந்த மாதத்தின் நிழலாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுகிய நிழல் கிடக்கும் கோடுதான் வடக்கு தெற்கு. அதற்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் கிழக்கு மேற்கு. "கிழக்கு எது?" என்று கேட்ட பிள்ளையை அந்தக் கோட்டின் மேல் நிற்க வையுங்கள்.

இனி, ஓர் ஆண்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சென்னையிலும் வேலூரிலும் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் ஜூன் 21 அன்று தெற்கே சுமார் 18 சென்டிமீட்டர் விழும். ஆகஸ்ட் 18 வாக்கில் நிழலே இராது; சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். செப்டம்பர் 23-இல் நிழல் வடக்கே திரும்பி 23 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். டிசம்பர் 21-இல் வடக்கே 74 சென்டிமீட்டர். பிறகு சுருங்கத் தொடங்கி, மார்ச்சில் மறுபடி 23, ஏப்ரல் 24 வாக்கில் மறுபடி நிழலில்லா நாள், அதன்பின் தெற்கே. நாகர்கோவில் பக்கம் டிசம்பர் நிழல் சுமார் 61, ஜூன் நிழல் தெற்கே சுமார் 27. தெற்கே போகப் போக ஜூன் நிழல் நீளும். இரண்டு ஊர்ப் பள்ளிகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் அளந்து ஒப்பிட்டால், பூமி உருண்டை என்பதற்கே பிள்ளைகள் கையில் ஒரு சான்று கிடைத்துவிடும்.

இந்தப் பேறு லண்டன் குழந்தைக்கு இல்லை. டெல்லிக் குழந்தைக்கும் இல்லை. அங்கெல்லாம் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான். கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால்தான் நமக்கு நிழல் பக்கம் மாறுகிறது, ஆண்டுக்கு இரண்டு நாள் காணாமலும் போகிறது. பகல் நீளத்தில் நமக்குக் குறைவாகக் கிடைத்ததை வானம் நிழலில் ஈடு செய்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

நிழலில்லா நாளைப் பற்றி ஏப்ரலில் செய்தித்தாளில் படம் வரும். அப்போது நம் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு நேரம், அல்லது விடுமுறை. அதனால் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகின்றன. இரண்டாவது முறை வருவதை நினைவில் வையுங்கள்: சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கில், மதுரைக்கு ஆகஸ்ட் 27 வாக்கில், கன்னியாகுமரிக்கு செப்டம்பர் தொடக்கத்தில். எல்லாம் பள்ளி நாட்கள். ஓர் ஆகஸ்ட் நண்பகலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குச்சியைச் சுற்றி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். குச்சியின் அடியில் நிழல் ஒடுங்கி ஒடுங்கி டப்பாவின் விளிம்புக்குள் போய்விட்டது. ஒரு சிறுமி குச்சியை விட்டுவிட்டுத் தன் காலைப் பார்த்தாள். ஒற்றைக் காலைத் தூக்கினாள். செருப்புக்குக் கீழே மட்டும் கொஞ்சம் நிழல். "என் நிழல் எனக்குள்ள போயிடுச்சு டீச்சர்" என்றாள். உடனே மொத்த வகுப்பும் குதித்துக் குதித்து நிழலைத் தேடியது. ஒரு பையன் மட்டும் மறுநாளும் வந்து நின்று, "நேத்து எங்க போச்சோ அங்கேர்ந்து இந்தப் பக்கமா வெளிய வருது" என்று வடக்கே கை காட்டினான். உத்தராயணம், தட்சிணாயனம் என்ற சொற்கள் எதுவும் அவனுக்குத் தெரியாது. சூரியன் தெற்கே போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான்.

குச்சி வைக்க முடியாத பள்ளியா? வகுப்பறைக்குள்ளேயே பாருங்கள். தெற்குப் பார்த்த வராண்டா இருந்தால், மார்கழியில் மதிய வெயில் தூணைத் தாண்டி உள்ளே வந்து கிடக்கும். ஆனியில் அதே வராண்டாவில் மதிய வெயில் எட்டிப் பார்க்காது. வெயில் எதுவரை வருகிறது என்று மாதம் ஒரு கோடு போட்டால் போதும். அதே பாடம்தான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை, பல நாட்கள் நிழலே கிடைக்காது. மேற்கு மாவட்டங்களில் ஜூன், ஜூலையில் இதே நிலை. விட்டுப்போன மாதத்தை யூகத்தில் நிரப்பாதீர்கள். "மழை, பார்க்க முடியவில்லை" என்று சார்ட்டில் பிள்ளைகளே எழுதட்டும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே பழக்கிவிடலாம்.

அடுத்தது, வெயிலின் சூட்டையும் பகலின் நீளத்தையும் கலந்துவிடும் வழக்கம். நம் ஊரில் அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. நீண்ட பகலோ ஜூன் 21. சென்னைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24 வாக்கில். மூன்றும் மூன்று வெவ்வேறு நாள். சூரியன் தலைக்கு மேல் வந்த பிறகும் நிலம் சூடேறிக்கொண்டே போகிறது. பிறகு கடற்காற்றும் மேகமும் மழையும் அதைத் தணிக்கின்றன. ஆகவே "வெயில் அதிகமான நாள்தான் பகல் அதிகமான நாள்" என்று பிள்ளை சொன்னால், அதை மறுக்க வேண்டாம்; மேயிலும் ஜூனிலும் பொழுது சாயும் நேரத்தைக் கேலண்டரில் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். தினசரிக் கேலண்டர் இல்லாத வீடு நம் ஊரில் அரிது. சூரிய உதயத்தோடு அஸ்தமனமும் அச்சாகியிருக்கும் கேலண்டராகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரியவர்களிடமும் ஆழமாக வேர் விட்டிருக்கும் இன்னொரு நம்பிக்கை உண்டு: கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது, அதனால் சூடு என்பது. 1987-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் அங்கியோடு நின்ற பட்டதாரிகளிடம் பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் தூரத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15 கோடியே 21 லட்சம். நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் மார்கழி மாதப் பிற்பகுதியில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்ற அனுபவம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது: கரும்பலகையில் பூமியின் பாதையை நீண்ட முட்டை வடிவத்தில் வரைந்து காட்டுவது. அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். தயவுசெய்து வட்டமாகவே வரையுங்கள்.

கேலண்டரைப் பற்றிச் சொன்னேன், அதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் வளர்கிறது, ஆகவே விடியலும் சீக்கிரம் வரத் தொடங்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். நம் ஊரில் அப்படி நடப்பதில்லை. சென்னையில் டிசம்பர் 21 அன்று உதயம் சுமார் 6.26 மணி. பொங்கல் தாண்டி ஜனவரி கடைசி வாரத்தில் அது 6.35 வரை தள்ளிப்போகும். ஆண்டிலேயே மிகத் தாமதமான விடியல் அப்போதுதான். அதேபோல மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பரில், சுமார் 5.40 மணிக்கு. டிசம்பர் 21-க்குள் அந்தி ஏற்கெனவே பின்வாங்கத் தொடங்கியிருக்கும். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தோடு ஒட்டாமல் முன்னும் பின்னும் நகர்கிறது. பகல் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் அந்த நகர்வு மேலோங்கித் தெரிகிறது. இந்த விளக்கம் உங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் பொங்கல் விடியலில் கோலம் போட எழுந்த பிள்ளை "இன்னும் இருட்டாத்தானே இருந்துச்சு" என்று சொன்னால், அது சரியாகவே பார்த்திருக்கிறது. புத்தகத்து வாக்கியத்துக்காக அதன் கண்ணைச் சந்தேகப்பட வைக்காதீர்கள்.

சரி, மனிதர்கள் உணராத அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை யாருமே உணர்வதில்லையா? பயிர்கள் உணர்கின்றன. டெல்டாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை வயலிலிருந்தே சொல்லலாம். நம் பாரம்பரியச் சம்பா ரகங்கள் பலவும் பொழுது சுருங்குவதை அறிந்து பூப்பவை. கொஞ்சம் முன்னால் விதைத்தாலும் பின்னால் விதைத்தாலும், ஐப்பசி கார்த்திகையில் பகல் குறையும்போதுதான் கதிர் தள்ளும். குறுவையில் போடும் குறுகிய கால ரகங்கள் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. இத்தனை நாள் என்றால் இத்தனை நாளில் விளைந்துவிடும். ஓசூர்ப் பக்கம் சாமந்தி போடுகிறவர்கள் இரவில் தோட்டம் முழுக்க பல்பு எரிய விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாமந்தியும் பகல் சுருங்கினால் பூக்கும் செடி. செடி உயர்ந்து வளரும்வரை பூக்காமல் இருக்க, விளக்கு போட்டு இரவைக் குறைக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், அதன் அப்பாவையோ பாட்டியையோ ஒரு மணி நேரம் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். நாம் நடத்துவதைவிட நன்றாகவே நடத்துவார்கள்.

தொலைவில் இருக்கும் உறவுகளும் பாடத்துக்கு உதவுவார்கள். வகுப்புக்கு இரண்டு மூன்று பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஜூனில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை, "உங்க ஊர்ல எப்போ விடியுது, எப்போ இருட்டுது?" என்று போனில் கேட்டு வரச் சொல்லுங்கள். துபாயில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் பத்து நிமிடம்கூட இல்லை. லண்டனிலோ நார்வேயிலோ யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. "எங்க மாமா ஊர்ல ராத்திரி ஒன்பது மணிக்கு வெயில் அடிக்குதாம்" என்று ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது, நாம் மனப்பாடம் செய்ய வைத்த அந்தப் பழைய வாக்கியத்துக்கு உயிர் வரும். நம் ஊரில் கொஞ்சம், டெல்லியில் கூடுதல், லண்டனில் மிக அதிகம் என்று இடம் விட்டு இடம் மாறும் ஒன்றாக அது பிள்ளைக்குப் புரியும்.

உலக உருண்டையை எப்போது எடுப்பது? என் கருத்தில் நான்காம் வகுப்புக்கு முன்னால் சாய்ந்த அச்சைப் பற்றிப் பேச வேண்டாம். ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், பூமி உருண்டை என்று சொல்லும் சிறு குழந்தைகளே மனதுக்குள் அதைத் தட்டாகவோ, உள்ளே தரை உள்ள வெற்றுக் கோளமாகவோ நினைத்திருப்பதைக் காட்டினார்கள். சொன்னதை ஏற்றுக்கொண்டு, பார்த்ததையும் விடாமல், இரண்டையும் ஒட்டவைத்து ஒரு பூமியைச் செய்துகொள்கிறார்கள். அந்தப் பூமியின் அச்சைச் சாய்த்தால் என்ன ஆகும்? உருண்டை எடுக்கும் நாள் வரும்போது, உடம்பையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ஷமின் படல்கரும் ஜெயஸ்ரீ ராமதாஸும் கை அசைவு, உடல் அசைவு வழியாக வானியலைக் கற்பிப்பது பற்றி விரிவாக ஆய்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பல்பு, அதைச் சுற்றிப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே சுவரைப் பார்த்துச் சற்றுச் சாய்ந்தபடி மெல்லச் சுற்றி வருவது. யார் முகத்தில் வெளிச்சம் அதிகம், யார் பிடரியில் அதிகம் என்று கேட்டால் போதும். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளையிடம் மூன்று ஆண்டு நிழல் குறிப்பு கையில் இருக்க வேண்டும். காரணத்தைத் தேடும் அளவுக்கு ஒரு புதிர் அதனிடம் சேர்ந்திருக்க வேண்டும்.

அதனால்தான் இன்னொன்றையும் கேட்கிறேன். ஒன்றாம் வகுப்பில் வரைந்த சார்ட்டை ஆண்டு முடிவில் கிழித்துப் போடாதீர்கள். இரண்டாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். அவர் மூன்றாம் வகுப்புக்குக் கொடுக்கட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி சுவரில் இருப்பதைப் பார்த்துவிட்டு "இது எந்தப் பாடம்?" என்று கேட்டால், கணக்கில் அளவை, மொழியில் திசைச் சொல்லும் குறிப்பு எழுதுதலும், சூழ்நிலையியலில் வானம் என்று பதில் சொல்லலாம், மூன்றும் உண்மை. இடமாற்றம் வந்து நீங்கள் வேறு பள்ளிக்குப் போனாலும் டப்பாவையும் குச்சியையும் அங்கேயே விட்டுச் செல்லுங்கள். தரையில் இருக்கும் பொட்டுகள் அந்த இடத்துக்கு உரியவை.

ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமையாக வந்தாலோ அன்று மேகம் மூடினாலோ கவலைப்பட வேண்டாம். ஜூன் 10-லிருந்து ஜூலை தொடங்கும்வரை நண்பகல் நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட மாறுவதில்லை. அந்த மூன்று வாரத்தில் வெயில் அடிக்கும் ஏதாவது ஒரு பள்ளி நாள் கிடைக்கும். குடிதண்ணீர் கொடுத்து, செருப்பில்லாத பிள்ளைகளுக்கு ஒரு சாக்கை விரித்து, பத்து நிமிடத்துக்குள் உள்ளே அழைத்துவந்துவிடுங்கள். முதல் பொட்டைக் குச்சிக்குத் தெற்கே வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்